சவுக்குக் கிளையில் ஒரு வருஷம்

சவுக்குக் கிளை மொபெட்டில் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் அதன் அடிப்பகுதியைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தார். நுனி வழியெல்லாம் ரோட்டைப் பெருக்கிக்கொண்டு வந்ததில் பாதிப் பச்சையும் பாதிச் செம்மண்ணுமாக இருந்தது. ஆச்சி ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அதன் தலையில் ஊற்றினார்.

"குளிச்சிட்டு உள்ள வரட்டும்."

இந்த வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குதான். நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவே, தேரிக்காட்டை ஒட்டியிருக்கிற ஊர் இது. மொட்டைமாடியில் ஏறினால் மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம் தெரியும். மற்றபடி பனை, கொல்லாமரம், உடைமரம். ஊசியிலை மரத்துக்கு இங்கே எங்கே போவது? சவுக்கைப் பார்த்தால் அந்த இனம் போலத்தான் இருக்கும், ஆனால் கிடையாது. நாம் இலை என்று நினைப்பது கணுக்கணுவான மெல்லிய தண்டு. இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கணுவில் கழன்று வரும். அசல் இலை அந்தக் கணுவைச் சுற்றிப் பொடிப் பற்களாக ஒட்டியிருக்கும். ஆஸ்திரேலிய, தென்கிழக்காசியக் கடற்கரைகளின் மரம் இது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று நம் கரையோரங்களில் நட்டார்கள். விறகாக வந்தது பந்தக்கால் ஆயிற்று, கட்டடத்துக்குச் சாரம் ஆயிற்று. டிசம்பரில் மட்டும் வீட்டின் முன்னறைக்குள் வந்து நிற்கிறது.

தாத்தாவிடம் ஒரு பழைய புத்தகம் இரவல் கேட்டு வந்தவன் நான். "இருங்க, மரத்த நட்டுட்டு எடுத்துத் தாரேன்" என்று வெளிநடை பெஞ்சில் உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். அதற்கப்புறம் என்னை எல்லோரும் மறந்துபோனார்கள். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய உபசாரம் கிடையாது. பெஞ்சிலிருந்து முன்னறை முழுதும் தெரிகிறது.

தாத்தா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காலிப் பெயின்ட் வாளியில் தேரி மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, கிளையை ஊன்றுகிறார். கண்ணளவில் அது நேராகத்தான் நிற்கிறது. அவருக்குக் கண் போதாது. ஒரு பூட்டை நூலில் கட்டித் தூக்குக்குண்டாக்கி, நாற்காலி மேல் ஏறிப் பிடித்துப் பார்த்து, "கிழக்க ரெண்டு டிகிரி சாயுது" என்கிறார். சென்னையிலிருந்து வந்திருக்கும் மகன் ஒரு செங்கல் துண்டைச் செருகுகிறார். "இப்ப மேக்க சாயுது." செங்கல் போய் ஓட்டுச்சில்லு வருகிறது. மரம் நிற்பதற்குள் என் காப்பி ஆறிவிட்டது.

நின்ற மரத்தின் மேல் மூன்று பேருக்கு உரிமை இருக்கிறது என்பது அடுத்த சில நிமிஷத்தில் தெரிந்தது. பெங்களூரிலிருந்து வந்த அத்தை ஒரு அட்டைப் பெட்டியைப் பிரிக்கிறார். உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் பந்துகள், எல்லாம் ஒரே அளவு. பேத்தி கைப்பேசியில் யார் வீட்டு மரத்தையோ நீட்டுகிறாள். "ஆச்சி, வெள்ளையும் கோல்டும் மட்டும்தான். அதுதான் தீம்."

"தீமா? அது யாருட்டி?"

மூன்றாவது ஆச்சி. அவர் வாயால் உரிமை கோரவில்லை. உள்ளறைக்குப் போய், மூடி போட்ட பெரிய ஓலைப் பெட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்து மரத்தடியில் இறக்கினார். பெட்டிக்குள் என்ன என்று பார்க்கப் பேரன் தலையை விட்டான். அவனுக்கு எட்டு வயது இருக்கலாம். தலையை வெளியே எடுத்தபோது ஏமாற்றம் முகத்தில் அப்பட்டமாக இருந்தது. "எல்லாம் குப்பை."

குப்பைதான். அந்த வருஷம் முழுக்கத் தூக்கிப் போடாமல் சேர்த்த சாமான். காலி மாத்திரை அட்டைகள், கல்யாணப் பத்திரிகைகள், உடைந்த கண்ணாடி வளையல்கள், ஃப்யூஸ் போன குண்டு பல்புகள், தீப்பெட்டிகள், சேலையிலிருந்து பிரித்த சரிகைக் கரை, சுற்றி வைத்த நூல்கண்டு, இரண்டு கேசட். எல்லாவற்றுக்கும் அடியில் பனங்கொட்டைகள்.

ஆச்சி முதலில் பெட்டியைத் தொடவில்லை. அடுக்களையில் கேக்குக்கு முட்டை அடிக்கிற நேரம். மாவைக் கலந்து தகரத்தில் ஊற்றி பேக்கரி அடுப்புக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். மருமகள் முட்டையைத் தட்டி உடைக்கப் போனபோது "நில்லு நில்லு" என்றார். பேரன் கையில் ஒரு கோணி ஊசி. மேலே ஒரு துளை, கீழே அதைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துளை. ஊசியை உள்ளே விட்டு மஞ்சள் கருவைக் கலைத்துவிட வேண்டும். அப்புறம் மேல் துளையில் வாயை வைத்து ஊத வேண்டும். பையன் ஊதினான். ஒன்றும் வரவில்லை. கன்னம் உப்பி, காது சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஒரு சொட்டு. பிறகு கொழகொழவென்று மொத்தமும் கிண்ணத்தில் இறங்கியது. அவன் சிரித்த சிரிப்பில் இரண்டாவது முட்டை கையிலேயே நொறுங்கியது. மருமகள் ஓட்டுச்சில்லைப் பொறுக்கியபடி மாமியாரைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஊதிய ஓட்டை எப்படித் தொங்கவிடுவது? நூல் நுனியில் பாதித் தீக்குச்சியைக் கட்டி, குச்சியை நெட்டுக்குத்தாகத் துளைக்குள் விட்டு, நூலைச் சுண்டி இழுத்தால் குச்சி உள்ளே குறுக்காகத் திரும்பி மாட்டிக்கொள்ளும். ஆச்சி இதை யாருக்கும் விளக்கவில்லை. செய்தார், பேத்தி பார்த்தாள், அடுத்ததை அவள் செய்தாள்.

ஜெர்மனியின் தூரிங்கியா காடுகளில் லௌஷா என்று ஒரு சிற்றூர் உண்டு. கண்ணாடி ஊதுகிறவர்களின் ஊர். மரத்தில் கட்ட ஆப்பிளும் அக்ரோட்டும் வாங்க வசதியில்லாத ஒருவர், அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதிச் செய்துகொண்டார் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த ஊரின் வீட்டுப் பட்டறைகளிலிருந்துதான் கண்ணாடிப் பந்துகள் உலகச் சந்தைக்குக் கிளம்பின. அத்தையின் அட்டைப் பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் பந்துகள் அந்தக் கண்ணாடிப் பந்தின் நகல். கண்ணாடிப் பந்து அந்த ஆப்பிளின் நகல். பையன் ஊதியது யாருக்கும் நகல் இல்லை, அசல் முட்டை.

மாத்திரை அட்டைகள் தாத்தாவுடையவை. பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, போன மழைக்காலத்தில் இருமலுக்குக் கொடுத்தது தனி. பேத்தி கத்தரியால் ஓரத்தில் பொடிப்பொடியாக வெட்டி விட, அட்டை வெள்ளிக் குஞ்சம் ஆகிறது. "மெதுவாட்டி, விளிம்பு கைய அறுத்துரும்." தாத்தா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "இது ஏப்ரல் மாசத்துல டாக்டர் நிறுத்துனது." யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அதை நடுக்கிளையில், முன்பக்கம் பார்க்கும்படி மாட்டினார்.

எனக்கு அந்த இடத்தில்தான் சங்கதி பிடிபட்டது. அலங்காரம் என்று நாம் சொல்வது வேறு, இந்த வீட்டில் நடப்பது வேறு. கடையில் வாங்கிய பந்து எந்த வீட்டு மரத்திலும் தொங்கும். யார் வீடு என்று அதற்குத் தெரியாது. இந்த மரத்தைக் கீழிருந்து மேலாக ஒருவன் படித்தால், இந்த வருஷம் இங்கே யார் மருந்து சாப்பிட்டார்கள், யார் கல்யாணத்துக்குப் போனார்கள், எத்தனை முட்டைக் கேக் போட்டார்கள், எந்த வளையல் உடைந்தது எல்லாம் தெரிந்துகொள்ளலாம். வீட்டின் வரவு செலவு நோட்டை நடுக்கூடத்தில் தொங்கவிட்ட மாதிரிதான். வெட்கமில்லாமல் தொங்கவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிய பழைய எழுத்துக் குறிப்புகளில் ஒன்று 1605ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஸ்டிராஸ்பர்க் நகரத்து வீடுகளைப் பற்றியது. அங்கே மரத்தில் கட்டியவை: பல நிறக் காகிதத்தில் வெட்டிய ரோஜாப் பூக்கள், ஆப்பிள், மெல்லிய அப்பம், பொன் தகடு, இனிப்பு. வீட்டுக் கத்தரியும் வீட்டு அடுப்பும்தான் அன்றைக்கும் வேலை செய்திருக்கின்றன. பொன் தகட்டின் இடத்தை இந்த வீட்டில் மாத்திரை அட்டை எடுத்துக்கொண்டது, அவ்வளவே.

கல்யாணப் பத்திரிகைகள் தாத்தாவின் இலாகா. இதற்காக அவர் மாதம் முழுவதும் வேலை செய்திருக்கிறார் போலிருக்கிறது. அலமாரி மேலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே தங்க எழுத்து அட்டைகளில் வெட்டி மடித்து ஒட்டிய கூம்புகள். "18 சதுர அடி, 8 முக்கோண அடி. மொத்தம் 26. சேத்து ஒட்டுனா நட்சத்திரம்" என்று பேரனிடம் சொல்கிறார். 'சதுர அடி' என்றதும் பையன் நில அளவு என்று நினைத்து அப்பாவைப் பார்க்கிறான். தாத்தா ஒரு கூம்பைக் கவிழ்த்து அதன் அடியைக் காட்டுகிறார்.

இந்த நட்சத்திரத்துக்கும் வாத்தியார்களுக்கும் பழைய சொந்தம். ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொராவிய சபையார் நடத்திய பள்ளி ஒன்றில், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவியல் பாடத்துக்காகப் பையன்களைச் செய்ய வைத்ததுதான் இது. பிறகு ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் பேரில் ஊர் ஊராகத் தொங்கிற்று. தாத்தாவுக்கு அந்தக் கதை தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் இருப்பு அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும்.

பத்திரிகைக் கட்டில் மிச்சமிருந்தவற்றைப் பேத்தி ஒவ்வொன்றாகப் பார்த்து வெட்டினாள். மணமக்கள் பெயர் பாதியில் போயிற்று. மண்டபத்தின் பெயர் ஒரு இதழில், விருந்து நேரம் இன்னொரு இதழில். இடையில் ஓரம் கறுத்த ஒரு அட்டை வந்தது. மேலே சிலுவை, நடுவில் ஒரு புகைப்படம். அவள் கத்தரியை வைத்தபடி நிமிர்ந்தாள். ஆச்சி கையை நீட்டி அதை வாங்கி, ஸ்டூல் மேலிருந்த வேதாகமத்துக்குள் செருகினார். "அடுத்தத எடுட்டி."

கேசட் விஷயத்தில் கொஞ்சம் ரகளை நடந்தது. பேரனுக்கு அது என்ன பொருள் என்றே தெரியாது. அவன் அப்பா பென்சிலைப் பல் சக்கரத்தில் நுழைத்துச் சுழற்றிக் காட்ட, பையன் நாடாவைப் பிடித்து இழுத்தான். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கபிலமும் கறுப்புமாக மினுங்கும் நாடா மரத்தைச் சுற்றியது, நாற்காலியைச் சுற்றியது, அத்தையின் காலைச் சுற்றியது. 90 நிமிஷக் கேசட்டுக்குள் கிட்டத்தட்ட 130 மீட்டர் நாடா இருக்கும் என்பதை அந்த வீட்டில் தாத்தா ஒருவர்தான் மனக்கணக்காகச் சொல்லியிருக்க முடியும். அவர் கணக்கை விட்டுவிட்டு வேறொன்று கேட்டார்.

"ஏல, அது எந்த ஐயர் பிரசங்கம்?"

மகன் உறையைத் திருப்பிப் படித்தார். தாத்தா ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, அத இழு. அவியளுக்கு அன்னைக்கும் நிப்பாட்டத் தெரியல."

ஆச்சி சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார். இன்னொரு கேசட்டில் ஆலயப் பாடகர் குழுவின் கீர்த்தனைகள். அதை அவர் பையன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டார்.

இதற்கிடையில் அத்தையின் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அவராகவே நாலு பொன்னிறப் பந்துகளை எடுத்துப் பின்பக்கம் சுவர் ஓரமாகக் கட்டிவிட்டு, மிச்சத்தை மூடினார். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே ஒரு குண்டு பல்பை எடுத்துத் தன் நகப்பூச்சால் வண்ணம் அடிக்க உட்கார்ந்தார். நகப்பூச்சு கண்ணாடியில் நன்றாகப் பிடிக்கிறது. பழைய குண்டு பல்பு இனிமேல் யார் வீட்டிலும் சேராது என்பதால் இது இன்னும் சில வருஷத்துக்குத்தான் செல்லுபடியாகும் கலை.

வாசலில் சைக்கிள் மணி. பனையேறி ஒருவர் குருத்தோலை கொண்டுவந்திருந்தார். "எக்கா, கேட்டியளே" என்று திண்ணையில் சாய்த்துவிட்டு, காப்பியைக்கூட வாங்காமல் போய்விட்டார். பேத்தி ஓடிப்போய் விரித்துப் பார்த்தாள். அடுக்கடுக்காக மடிந்திருந்த ஓலை, வெயில் படாத வெளிர்மஞ்சளில், கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தது. காயக் காய அது பொன்னிறம் ஆகும்.

"ஆச்சி! இது தீம்!"

"அப்ப உங்க தீமு எங்க பனைமரத்துலதான் இருந்திருக்கு" என்றார் ஆச்சி.

அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குருத்தோலையை இலக்கு இலக்காகக் கிழித்து, அரிவாள்மனையில் ஈர்க்கைச் சீவி எடுத்து, நகத்தாலேயே அளவு பிடித்து நறுக்குகிறார். மடக்கு, திருப்பு, செருகு, இழு. மீன் ஒன்று. கிளி ஒன்று. காற்றாடி ஒன்று. நாலு பட்டையைக் குறுக்கும் நெடுக்கும் முடைந்து, மூடும் முன் இரண்டு குன்றிமணியைப் போட்டால் கிலுகிலுப்பை. மரத்தில் மாட்டியதும் ஃபேன் காற்றில் அது லேசாகக் குலுங்கிற்று. கல்யாணத்துக்கு முன்னால் ஆச்சி வீட்டில் எல்லோரும் பெட்டி முடைந்தவர்கள்தாமாம், மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கடலோர மணப்பாட்டில் இன்றைக்கும் ஓலை வேலை பெண்களின் தொழில். இந்தச் சீமையில் கருப்பட்டி கட்டியதும் ஓலையில், மிட்டாய் விற்றதும் ஓலையில், தண்ணீர் இறைத்த பட்டையும் ஓலை. மரத்துக்கு மட்டும் ஏன் பிளாஸ்டிக் வந்தது என்பதுதான் எனக்கு விளங்காத காரியம்.

பேத்தி கைப்பேசியில் ஒரு படத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். சிவப்பு, வெள்ளைக் காகிதப் பட்டைகளைக் கோத்து முடைந்த இதய வடிவப் பை. டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு செய்வது. உள்ளே மிட்டாய் போட்டு மரத்தில் தொங்கவிடுவார்கள். குழந்தைக் கதைகள் எழுதிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் காகிதம் வெட்டுவதிலும் கெட்டிக்காரர். அவர் 1860இல் செய்த இதயம் ஒன்றை இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆச்சி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே, தூர, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தார். இரண்டு விரலால் பெரிதாக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"இது நம்ம கொட்டான் முடையதுதான். ஒரு பட்ட வெளிய போகுது, ஒரு பட்ட உள்ள போகுது. தலய மட்டும் வளச்சி விட்டுருக்காவ."

இலக்கு நடுவில் தானாகவே மடிந்துதானே இருக்கிறது; காகிதத்தை மடிப்பதைவிட இது சுலபம். முதல் இதயம் கொஞ்சம் கோணல். அதைப் பிரித்துவிட்டு மறுபடி முடைந்தார். அதற்குள் இரண்டு கடலை மிட்டாயைப் போட்டுப் பேரனிடம் கொடுத்தார். அது மரத்துக்குப் போகவில்லை.

பனங்கொட்டைக்கு இப்போதுதான் நேரம் வந்தது. பழத்தைச் சப்பிப் போட்ட பிறகு காயவைத்த கொட்டை. சுற்றிலும் நார் தாடி மாதிரி நீண்டிருக்கிறது. இதைச் சீப்பால் வாரிச் சாமியார், பூச்சாண்டி என்று விளையாடாத பிள்ளை இந்தப் பக்கத்தில் முன்பு கிடையாது. பழைய பல்துலக்கும் பிரஷால் தாத்தா நாரை வாரி விட்டார். சுண்ணாம்பைக் கரைத்துத் தொட்டு வெளுக்க வைத்தார். மேலே சிவப்புத் துணியில் ஒரு குல்லா, இரண்டு மிளகு கண். கிறிஸ்துமஸ் தாத்தா தயார். நான் பார்த்த எந்தக் கடைப் பொம்மைக்கும் இத்தனை நம்பும்படியான தாடி இல்லை. வெயிலில் கறுத்த முகம். கழுத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் பனையேறி என்றே சொல்லலாம்.

பனி வேண்டும் என்றான் பையன். சென்னைப் பள்ளிக்கூடத்தில் மரத்தின் மேல் பஞ்சு ஒட்டியிருந்தார்களாம். "தலகாணிய கிழிக்க விடமாட்டேன்" என்று ஆச்சி முன்கூட்டியே அறிவித்தார். வடகிழக்குப் பருவமழை ஓயாத மாதத்தில் இலவம்பஞ்சைப் பனி என்று ஒட்டுவது எனக்கும் ஒப்பவில்லை. யோசனை மருமகளுக்குத்தான் வந்தது. தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பை வெந்நீரில் இனிக் கரையாது என்கிற மட்டும் கரைத்து, சின்னச் சவுக்குக் கொத்துகளை முக்கி எடுத்து, ஃபேனுக்கு அடியில் காயப்போட்டார். தண்ணீர் போனதும் கணுவுக்குக் கணு உப்பு பூத்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது மினுங்கிய அழகைப் பார்த்து மாமியாரே வாயடைத்துப் போனார். முட்டை விவகாரத்துக்கு இத்தோடு கணக்கு நேர்.

இனி அச்சு முறுக்கு. எண்ணெயிலிருந்து எடுத்து டின்னில் அடுக்கியிருந்ததில் நல்ல வட்டமானதாகப் பொறுக்கி, ஓட்டையில் சரிகை நூலைக் கோத்துக் கட்டினார்கள். பூப் போல அச்சு. பனித்திவலையை உருப்பெருக்கியில் பார்க்கிற படமும் இப்படித்தான் இருக்கும். மரத்தில் ஏறிய எல்லாவற்றிலும் எனக்கு முதல் பரிசு இதற்குத்தான். தின்பண்டத்தை மரத்தில் கட்டுவது ஜெர்மன்காரர்களின் பழைய வழக்கம்தான். 'சர்க்கரை மரம்' என்றே அதைச் சொன்னார்கள். ஜனவரி 6ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, பிள்ளைகள் மரத்தை உலுக்கித் தின்று தீர்க்கலாம். அதுவரை கை வைக்கக் கூடாது. இந்த வீட்டுப் பையன் ஜனவரி 6 வரைக்கும் எங்கே பொறுக்கிறான்? கட்டி முடித்த கையோடு அடிக்கிளையில் ஒரு முறுக்குப் பாதியாகிவிட்டது. மிச்சப் பாதி நூலில் அப்படியே தொங்குகிறது.

விளக்குக்கு வந்தபோது அத்தை, கிளையில் கவ்விப் பிடிக்கிற தகரக் கிளிப்பில் மெழுகுவர்த்தி வைக்கலாம், படங்களில் எல்லாம் எவ்வளவு அழகாக இருக்கிறது என்றார். ஆச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சவுக்கு எரிஞ்சு பாத்திருக்கியா? நான் நாப்பது வருசம் அடுப்பூதுனவ."

ஆக, சீரியல் செட். போன வருஷம் சுருட்டி வைத்தது. சிக்குப் பிரிக்க மகனுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அன்றைக்கு டிசம்பர் 22. எடிசனின் கம்பெனியில் துணைத்தலைவராக இருந்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் 1882இல் இதே தேதியில்தான், நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக 80 மின்விளக்குகளை எரியவிட்டுக் காட்டினார். கையால் கம்பி கட்டியவை. அவர் வீட்டில் எல்லாம் எரிந்தன. இங்கே பாதி எரிந்தது. மகன் ஒவ்வொரு பல்பாக அழுத்திப் பார்த்துக்கொண்டு வர, மேல் பாதியும் பற்றிக்கொண்டது. எரிகிற விளக்குகளுக்கு நடுவே ஒரு சிலந்தி, வெளிச்சம் பொறுக்காமல் இறங்கி வந்தது. கிளையோடு வந்ததாக இருக்க வேண்டும். பேத்தி வீல் என்று கத்தினாள். ஆச்சி ஒரு ஈர்க்கால் அதை ஏந்தி வெளியே முருங்கையில் விட்டார். உக்ரைன் நாட்டில் மரத்தில் சிலந்திவலை இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லி, வலையைச் செயற்கையாகவே செய்து கட்டுவார்கள். நமக்கு அசலே கிடைத்தும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

உச்சியில் தாத்தாவின் 26 முனை நட்சத்திரம் ஏறியது. தங்க எழுத்துகளில் ஒரு முனையில் 'நிகழும் மங்களகரமான' என்று மட்டும் படிக்க முடிந்தது. ஏற்றி முடித்ததும் மரம் மறுபடி கிழக்கே சாய்ந்தது. தூக்குக்குண்டை யாரும் எடுக்கவில்லை.

என்னையும் யாரும் நினைக்கவில்லை. புத்தகம் வாங்காமலே எழுந்து வந்தேன். அதற்காக மறுநாள் சாயங்காலம் போக வேண்டியதாயிற்று. அதற்குள் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காற்றின் ஈரத்தை இழுத்து உப்புப் பனி முழுக்கக் கரைந்து, மரத்தைச் சுற்றித் தரையில் சொட்டுச் சொட்டாக நின்றது. மருமகள் துடைப்பத்தோடு நின்றார். எறும்பு வரிசை வாளி மேல் ஏறி, மண்ணைக் கடந்து, அச்சு முறுக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆச்சி ஒரு அகன்ற தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, வாளியைத் தூக்கி அதில் வைக்கச் சொன்னார். குருத்தோலை மீன்களும் கிளிகளும் ஓரத்தில் பொன்னிறம் ஏற ஆரம்பித்திருந்தன. அத்தையின் பெட்டியைக் காணோம்; அந்தப் பந்துகளைத் தெருவில் கேரல் வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகப் பேரன் சொன்னான்.

தாத்தா புத்தகத்தைக் கொடுத்தார். உள்ளே பக்க அடையாளத்துக்கு ஒரு மாத்திரை அட்டை இருந்தது. "அத மட்டும் எடுத்துக் குடுத்துட்டுப் போங்க, அடுத்த வருசத்துக்கு ஆகும்" என்றார்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஆச்சி சொன்னதையே சொல்கிறேன். ஓலையும் முட்டையோடும் பல வருஷம் வரும், பெட்டியில் பழந்துணி சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் உப்புப் பனி ஒரு ராத்திரிக்குத்தான். பண்டிகைக்கு முந்தின நாள் செய்தால் போதும். வாளி மண்ணைத் தினமும் நனையுங்கள், அப்படியும் சவுக்கு சில நாளில் காயத் தொடங்கிவிடும். மெழுகுவர்த்தி கட்டவே வேண்டாம். தூங்கப் போகுமுன் சீரியல் செட்டைப் பிடுங்கிப் போட மறக்காதீர்கள்.